மொழிபெயர்த்தவர் பெயர்

சென்ற பருவத்தில் ஒருநாள், மகாதேவ தேசாயின் நூல்களுள் எவையெவை எம் கல்லூரி நூல்நிலையத்தில் உள்ளன என்பதை அறிய விரும்பி, ஆசிரியர் பெயர்வரிசைப்படி அமைந்த அட்டவணையைப் புரட்டினோம். அவர் பெயரின்கீழ் ஒரு நூலே காணப்பட்டது. அது பர்தோலி உழவர் போராட்டத்தின் வரலாறு. அதே கூடத்தில், மூன்று பேழைகளுக்கு அப்பால், அவர் கையால் உருவான வேறு நூல்களும் இருந்தன. அவற்றுள் ஒன்று காந்தியடிகளின் தன்வரலாற்றின் ஆங்கிலப் பதிப்பு; மற்றொன்று அடிகளின் கீதையுரைக்கு ஆங்கில ஆக்கம். இரண்டும் அடிகள் பெயரின்கீழேயே பதியப்பட்டிருந்தன. அட்டவணை எழுதியவர்மீது குறை கூற யாம் வரவில்லை. அவர் உலக வழக்கைப் பின்பற்றினார். அவ்வுலக வழக்கைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

யாம் இதனை வகுப்பில் எடுத்துரைத்தபோது நண்பர் ஒருவர், "மொழிபெயர்ப்பவன் தண்ணீர் சுமப்பவன், கிணறு வெட்டியவன் அல்லன்" என்றார். வகுப்பினர் நகைத்தனர். எமக்கு உடனே விடை தோன்றவில்லை என்பதை மறைப்பானேன்? விடுதிக்குத் திரும்பிய பின்னரே தொல்காப்பியர் நினைவிற்கு வந்தார். வழிநூலை நால்வகைப்படுத்திய அப்பெரியார், தொகுத்தல், விரித்தல், தொகைவிரி என்பவற்றோடு மொழிபெயர்ப்பையும் ஒரு நிரையில் வைத்தார்; அதனைக் கடைப்பட்டதென்று தள்ளினாரில்லை. தேர்வுத்தாளில் இதனை எழுதி மதிப்பெண் பெறும் நாம், வகுப்பைவிட்டு வெளியே வந்ததும் மொழிபெயர்ப்பைக் கூலிவேலை என்கின்றோம். எம்மோடு பயில்வாருள் கவிஞராகவேண்டும், நாவலாசிரியராகவேண்டும் என்று கனவு காண்போர் பலர் உளர். மொழிபெயர்ப்பாளராகவேண்டும் என்பார் ஒருவரையும் யாம் கண்டிலேம். இவ்வெண்ணம் பிழைபட்டது என்பது எம் கருத்து. அதற்குச் சான்றாகக் காட்டத் தக்கவர் குஜராத்தி மொழியில் தோன்றிய மகாதேவ தேசாய். அவரைக் காந்தியடிகளின் செயலாளர் என்று யாவரும் அறிவர். பத்திரிகாசிரியத்தையும் மொழிபெயர்ப்பையும் இலக்கியப் பணியாகவே செய்து முடித்தவர் அவர் என்பதை எண்ணுவோர் சிலரே.

அவர் 1892ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள், சூரத் மாவட்டத்துச் சரஸ் என்னும் சிற்றூரில், பள்ளியாசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றுச் சட்டமும் கற்றார். பின்னர்க் கூட்டுறவு வங்கியொன்றில் ஆய்வாளராக ஊரூராகச் சுற்றினார். இவையெல்லாம் விரைந்து சொல்லிக் கடக்கத்தக்க செய்திகள். நின்று நோக்கவேண்டிய செய்தி வேறொன்று உண்டு. ஜான் மார்லி என்னும் ஆங்கில அறிஞர், ஒருவன் தான் உண்மையெனக் கொண்ட கொள்கையை உலகத்தோடு ஒட்டி வாழ்தற்பொருட்டு எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதை ஆராய்ந்து ஒரு நூல் எழுதியிருந்தார். அதனைக் குஜராத்தியில் பெயர்த்தற்கு ஃபார்பஸ் குஜராத்தி சபையார் பரிசு வைத்தனர். இளைஞராகிய மகாதேவர் அப்பரிசைப் பெற்றார். அந்நூலின் பொருளை உற்று நோக்குமின்! பிறர்க்காக எதனை விடுவது, எதனை விடாதிருப்பது என்னும் வினா, பிற்காலத்தில் அவர் வாழ்வு முழுவதும் அவரைத் தொடர்ந்து வந்தது. தம் இருபதாம் வயதையொட்டிப் பெயர்த்த நூலே தம் வாழ்க்கையின் வினாத்தாள் ஆகும் என்று அவர் அன்று கருதியிருக்க இயலாது.

வங்காளியைக் கற்றுத் தேர்ந்த அவர், தம் உயிர்த்தோழர் நரஹரி பாரிக்கோடு சேர்ந்து தாகூரின் சித்ராங்கதையையும், பழைய வடமொழி இலக்கியங்களைப் பற்றித் தாகூர் எழுதிய கட்டுரைகளையும் குஜராத்திக்குக் கொணர்ந்தார். சரத்சந்திரரின் கதைகள் சிலவும் அவர் கைவழியே குஜராத்தி மக்களைச் சென்று சேர்ந்தன. அவர் தம்மளவிலேயே எழுத்தாளர் என்பதற்கு இவை போதும். ஆதலின், ஒரு பெருமகனின் நிழலில் ஒதுங்கிய எழுதுவினைஞர் அவர் என்று கொள்ளுதல் பொருந்தாது.

1917ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் தம் அலுவல் வாழ்வைத் துறந்து காந்தியடிகளோடு இணைந்தார். அம்மாதம் 13ஆம் நாள் ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். சுருக்கெழுத்து அவர் அறியார். ஆயினும் அடிகள் பேசியவற்றையும், காண வந்தோர் வினவியவற்றையும், அடிகள் எழுதுவித்த கடிதங்களையும் சாதாரண எழுத்திலேயே விரைந்து எழுதிக் கொண்டார். கூட்டத்தில் எழுதினார், ஓடும் புகைவண்டியில் எழுதினார், சிறையில் எழுதினார். கேட்டதனைத்தையும் எழுதுதல் இயலாத செயல். எதனை எழுதுவது, எதனை விடுவது என்று நொடிதோறும் தேர்ந்துகொண்டிருப்பவனே அவ்வாறு எழுதவல்லவன். தொகுத்தல் என்று தொல்காப்பியர் கூறியதற்கு இதனினும் கடிய பயிற்சி வேறு யாது உளது?

இனி, அவர் பெயர் மறைந்துநிற்கும் பெருநூலுக்கு வருவோம். காந்தியடிகள் தம் தன்வரலாற்றைக் குஜராத்தியிலேயே எழுதினார். அது 1925 நவம்பர் முதல் 1929 பிப்ரவரி வரை 'நவஜீவன்' இதழில் வாரந்தோறும் வெளிவந்தது. மகாதேவர் அதனை ஆங்கிலமாக்க, அவ்வாக்கம் 'யங் இந்தியா' இதழில் உடன் வந்துகொண்டிருந்தது. அடிகள் எழுதும் அளவுக்கு இவர் பெயர்க்கவேண்டும், அச்சுக்கூடம் காத்திராது. இடையில் பர்தோலி உழவரின் வழக்கு வந்தது. அவ்வட்டத்தின் நிலவரியை 22 விழுக்காடு உயர்த்திய அரசாங்கத்தை எதிர்த்து, 1928இல் வல்லபாய் படேல் தலைமையில் உழவர் வரிமறுத்து நின்றனர். அதன்பின் அமைந்த விசாரணைக் குழுவின்முன் உழவர் பக்கத்தை எடுத்துரைக்க மகாதேவர் ஊர்தோறும் சென்றார். உயர்வு ஏறக்குறைய 6 விழுக்காடாகக் குறைந்தது. அவ்வேளையில் தன்வரலாற்றின் இறுதிப் பகுதியைச் சேர்ந்த சில அதிகாரங்களைப் பியாரேலால் பெயர்த்துதவினார். அவ்வுதவியை மகாதேவர் நூலின் முன்னுரையிலேயே தெரிவித்துவிட்டார். தமக்குக் கிடைக்கவேண்டிய புகழைப்பற்றிக் கவலாதவர், பிறர் புகழைப் பிறர்க்கே அளிப்பதில் கணக்கராக நின்றார்.

உலகின் பிற மொழிகள் பலவற்றிற்குக் காந்தியடிகள் சென்றது இவ்வாங்கிலத்தின் வழியாகத்தான். அஃதாவது, குஜராத்தி அறியாத கோடிக்கணக்கானோர் காந்தியடிகளின் குரல் என்று எண்ணிக் கேட்டது, மகாதேவர் தேர்ந்தெடுத்த சொற்களை. சுருங்கிய வாக்கியம், அலங்காரம் இன்மை, தன் பிழையைத் தானே முன்வந்து கூறும் தெளிவு ஆகிய இவை மூலத்தின் பண்புகள் என்பதில் ஐயமில்லை. அவற்றை வேறொரு மொழியில் நிற்கச் செய்தல் மூலாசிரியரால் ஆகும் செயலன்று.

அப்பணியின் அருமையைத் தலைப்பிலேயே காணலாம். குஜராத்தியில் அந்நூலை 'ஆத்மகதா' என்றனர். அச்சொல்லில் ஆன்மா உண்டு, கதையும் உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லிலோ ஆன்மா இல்லை. தன்னைத்தானே எழுதுதல் என்பதே உண்டு. மற்றொரு சொல் 'பிரயோகம்'. அதற்குச் செய்து பார்த்தல் என்பது பொருள். தமிழில் அது 'சோதனை' ஆயிற்று. சிறுபருவந்தொட்டு வேதாகமத் தமிழில் வளர்ந்த எமக்கு, சோதனை என்றவுடன் பாவத்துக்கு இழுக்கும் நெருக்கடியே முதலில் நினைவிற்கு வரும். சத்தியம் காந்தியடிகளைச் சோதித்தது போலும் என்றே யாம் பள்ளிப்பருவத்தில் எண்ணியிருந்தோம்! அறிவியற்கூடத்துச் சோதனையே அங்குக் கருதப்பட்டது என்பது பின்னரே விளங்கிற்று. ஒரு சொல் இவ்வளவு செய்யுமாயின், நூல் முழுவதும் அத்தகைய ஆயிரம் சொற்களைத் தெரிந்தமைத்தவனைத் தண்ணீர் சுமப்பவன் என்பது எங்ஙனம்?

அவர் ஆங்கிலம் குற்றமற்றது என்று யாம் வாதிடவில்லை. 2018இல் திரிதீப் சுஹ்ருத் என்னும் அறிஞர் அவ்வாங்கில நூலைக் குஜராத்தி மூலத்தோடு ஒப்புநோக்கி ஆராய்ச்சிப் பதிப்பொன்றை வெளியிட்டார். மூலத்திலிருந்து ஆங்கிலம் விலகிய இடங்கள் அதில் காட்டப்பட்டுள்ளன. யாம் இதனை மகாதேவருக்கு இழுக்காகக் கருதவில்லை. ஒருவன் பெயர்த்த சொல்லை, அவன் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிய பின்னரும் ஓர் அறிஞர் அமர்ந்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கின்றார் எனின், அவன் எழுத்து ஆசிரியனது எழுத்தாகவே மதிக்கப்படுகின்றது என்பது தெளிவு.

இவ்விடத்துத் தமிழர்க்கு உரிய செய்தி ஒன்று உளது. 1940இல் அத்தன்வரலாற்றின் இரண்டாம் ஆங்கிலப் பதிப்பு வெளிவந்தது. நூல் முழுவதும் மொழிநடை நோக்கித் திருத்தம் பெற்றிருந்தது. திருத்தியவர் பெரிய ஆங்கிலப் புலமையர் என்றும், தம் பெயரை எக்காரணத்தாலும் வெளியிடலாகாது என்னும் நிபந்தனையின்மேல் அவர் இப்பணியை மேற்கொண்டார் என்றும், தாம் அதற்கு இசைந்ததாகவும் மகாதேவர் முன்னுரையில் தெரிவித்தார். அப்புலமையர் வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் என்பது பின்னர் வெளிப்பட்டது. அரசியலில் அவர் காந்தியடிகளின் ஒத்துழையாமையை ஏற்காதவர். ஏற்காதவர் ஒருவர், ஏற்காத கொள்கையுடையாரின் நூலை வரிவரியாகச் செப்பஞ்செய்து, பெயரையும் மறைத்துக்கொண்டார். நூலின் முகப்பில் ஒரு பெயர். உள்ளே சிறிய எழுத்தில் ஒரு பெயர். எங்கும் அச்சேறாத பெயர் ஒன்று. இம்மூவரையும் எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு மிகுகின்றது.

இவ்வளவில் நண்பர் எழுப்பிய மற்றொரு தடையை எடுத்துக்கொள்வோம். "அங்ஙனமாயின் அவர் தம்மைத் தாமே அழித்துக்கொண்டார் அன்றோ? அத்துணைத் திறன் உடையவர் தமக்கென எழுதியிருந்தால் குஜராத்தி இலக்கியம் எவ்வளவு பெற்றிருக்கும்?" என்பது அது. இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எம் மனத்திலும் அது பல நாள் இருந்தது. அவர் நடை அடிகளின் நடையோடு கலந்து, இன்னதை எழுதினார் இன்னார் என்று பிரித்தறிதல் அரிதாயிற்று என்பர். அது வெற்றியா, இழப்பா?

மூன்று நிகழ்ச்சிகள் எம்மை ஒரு முடிவுக்குக் கொணர்ந்தன. முதலாவது 1921இல் நிகழ்ந்தது. மோதிலால் நேரு அலகாபாத்தில் நடத்திவந்த 'இண்டிபெண்டண்ட்' என்னும் ஆங்கிலப் பத்திரிகைக்கு ஆசிரியராக மகாதேவர் அனுப்பப்பெற்றார். அரசாங்கம் அதன் அச்சுரிமையைப் பறித்தது. அச்சுக்கூடம் இன்றேல் பத்திரிகை நின்றுவிடும் என்பதே எவரும் எதிர்பார்ப்பது. மகாதேவரோ அதனைக் கையால் எழுதிப் படியெடுத்து வெளியிட்டார். அதன் பயன் ஓராண்டுக் கடுங்காவல். அப்பத்திரிகையில் அடிகள் பக்கத்தில் இல்லை. கட்டளையிடுவார் எவரும் இல்லை. அங்கு இருந்தது மகாதேவர் என்னும் ஆசிரியர் ஒருவரே.

இரண்டாவது, ஜவாஹர்லால் நேருவின் தன்வரலாறு. அது 1936இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதில் நேரு காந்தியடிகளின் பொருளாதாரக் கருத்துகளையும், அரசியலில் சமயத்தைக் கலக்கும் முறையையும் ஒளிவுமறைவின்றி எதிர்த்துப் பல பக்கங்கள் எழுதியுள்ளார். அந்நூலைக் குஜராத்தியாக்கியவர் யார்? மகாதேவரே! குருவின் நூலைக் குஜராத்தியினின்று ஆங்கிலத்திற்கு அனுப்பிய கை, குருவை மறுக்கும் நூலை ஆங்கிலத்தினின்று குஜராத்திக்கு அழைத்துவந்தது. தன்னை இழந்த அடியவன் இதனைச் செய்யான். தன் வாசகர்க்கு இரு பக்கமும் தெரியவேண்டும் என்று கருதும் ஆசிரியனே செய்வான்.

மூன்றாவது நிகழ்ச்சி துயரமானது. 1938 மார்ச்சு மாதத்தில் காந்தியடிகள் ஒரிசாவிலுள்ள தேலாங் என்னும் ஊரில் தங்கியிருந்தார். பூரி ஜகந்நாதர் கோவிலுள் ஹரிஜனங்கள் விடப்படாத காலம் அது. அவர்கள் புகலாகாத கோவிலில் தாமும் புகுவதில்லை என்பது அடிகளின் உறுதி. அவர்தம் மனைவியார் கஸ்தூரிபாவும், மகாதேவரின் மனைவியார் துர்க்காபென்னும் பூரிக்குச் சென்றபோது அக்கோவிலுள் சென்று வழிபட்டுவிட்டனர். அடிகள் பெரிதும் மனம் நொந்தார். அவர்களுக்கு முன்னரே எடுத்துரைக்கத் தவறினார் என்று மகாதேவரைக் கடிந்தார். மகாதேவர் தாம் விலகிக்கொள்வதாக எழுதிக்கொடுத்தார். அடிகள் இசையவில்லை. இவ்வளவும் ஒரு குடும்பத்துள் நிகழ்ந்து மறையத்தக்கது. மகாதேவரோ இதனை 'ஹரிஜன்' இதழில் எழுதி, தமக்கு நேர்ந்த வேதனையையும், மகான் ஒருவரோடு இப்பூமியில் உடனுறைந்து வாழ்தலின் அருமையையும் மறையாது வெளியிட்டார். சிறிது நகையும் அதில் கலந்திருந்தது. இருபதாண்டுகளாகப் பிறர் சொல்லைத் தாங்கிவந்த எழுதுகோல், தன் சொல்லை மறந்துவிடவில்லை என்பதை யாம் இதனால் அறிந்தோம்.

மேலும் ஒரு நூல் உண்டு. காந்தியடிகள் கீதையைக் குஜராத்தியில் பெயர்த்து 'அநாசக்தி யோகம்' என்று பெயரிட்டிருந்தார். 1933, 1934ஆம் ஆண்டுகளில் பெல்காம் சிறையில் இருந்தபோது மகாதேவர் அதனை ஆங்கிலமாக்கினார். ஆக்கியதோடு நில்லாது, நீண்டதொரு முன்னுரையையும் எழுதிச் சேர்த்தார். கீதையைப் பிற சமய நூல்களோடும் ஒப்புநோக்கிச் செல்லும் அம்முன்னுரை மிகப் பெரிதாய் வளர்ந்துவிட்டது. எனினும் அதற்கு அவர் இட்ட தலைப்பு 'என் விண்ணப்பம்' என்னும் பொருளுடையது. தமக்கெனச் சொல்லவேண்டியவை நெஞ்சில் நிறைந்திருந்தும், அவற்றை அவர் மற்றொருவர் நூலின் வாயிலில் நின்றே சொன்னார். அடிகளுக்கு அதனைப் படித்துப் பார்க்கும் ஓய்வு வாய்க்கவில்லை. நூல் ஆண்டுக்கணக்கில் கையெழுத்துப் படியாகவே கிடந்தது. 1946இல் அது அச்சேறியபோது மகாதேவர் உயிரோடு இல்லை.

எம் நண்பரின் தடைக்கு இந்நூலே ஓரளவு துணைசெய்கின்றது என்பதை ஒப்புகின்றோம். பிறர் கடிதங்களுக்கு விடையெழுதக் காலம் இருந்த ஒருவர்க்குத் தம் நூலை அச்சிற்குக் கொடுக்கக் காலம் இல்லாமற் போயிற்று. வார்தாவில் தங்கியிருந்த காலத்தில், அடிகள் வாழ்ந்த சேவாகிராமத்திற்கு நாள்தோறும் நடந்தே சென்று மீண்டார். போக வர ஏறக்குறைய 11 மைல். மத்திய மாகாணத்து வெயில். 1938இல் அவர் உடல் தளர்ந்தது. அதன்பின்னும் பணி குறையவில்லை. இங்கு யாம் அவரைப் போற்றுவதோடு நில்லாமல் சிறிது சினங்கொள்ளவும் செய்கின்றோம். யார்மீது என்று கேட்பின், அடிகள்மீதா மகாதேவர்மீதா என்பது எமக்கே விளங்கவில்லை.

1942 ஆகஸ்டு 9ஆம் நாள் பம்பாயில் அவர் அடிகளோடு சிறைப்பட்டார். பூனாவிலுள்ள ஆகாகான் மாளிகையில் வைக்கப்பெற்றார். நாட்குறிப்பு 14ஆம் நாள் வரை செல்கின்றது. 15ஆம் நாள் காலையில் மாரடைப்பால் உயிர் நீத்தார். வயது 50. அடிகள் தம் கையாலேயே அவர் உடலை நீராட்டி, அம்மாளிகையின் தோட்டத்திலேயே எரியூட்டினார்.

அந்நாட்குறிப்புகளைப் பதிப்பிக்கும் பொறுப்பை, முன்னொருகால் தாகூரை உடனிருந்து பெயர்த்த நரஹரி பாரிக் ஏற்றார். குஜராத்தியில் முதற்பகுதி 1948இல் வெளிவந்தது. சாகித்திய அகாதமி 1955இல் முதன்முதலாகப் பரிசுகள் வழங்கியபோது, குஜராத்திக்குரிய பரிசு மகாதேவரின் நாட்குறிப்புக்குக் கிடைத்தது. கவிதையும் நாவலும் நிறைந்த ஒரு மொழியில், பிறர் பேச்சைக் கேட்டு எழுதிய ஏடு அப்பரிசைப் பெற்றது என்பதை நண்பர் கவனிப்பாராக. மகன் நாராயண தேசாய் பின்னாளில் எழுதிய தந்தையின் வரலாறும் 1993இல் அதே பரிசைப் பெற்றது.

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன் நூல்நிலையத் தலைவரைக் கண்டு, மகாதேவர் பெயரின்கீழும் அட்டைகள் எழுதிச் சேர்க்குமாறு வேண்டினோம். அவர் அன்புடன் இசைந்தார்; தன்வரலாற்றிற்கும் கீதையுரைக்கும் புதிய அட்டைகள் இப்போது உள்ளன. எழுதி முடித்தவர், "சாஸ்திரியார் பெயரையும் எழுதிவிடலாமா?" என்று வினவினார். மகாதேவர் இசைந்த நிபந்தனை எம் நினைவிற்கு வந்தது. யாம் அவருக்கு இன்னும் விடை கூறவில்லை.